மொட்டை மாடியில் ஒரு சுரங்கம்

லிஃப்டுக்குப் பக்கத்துச் சுவரில், புதிதாக வெள்ளையடித்த இடத்தில், ஒரு பித்தளைத் தகடு பதித்திருக்கிறார்கள். "எமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் எரிசக்தி ஒருங்கிணைப்பாளர். மின்னியல் துறையில் ஆழ்ந்த அனுபவம் உடையவர். தீ விபத்தன்று தன் குடும்பம் என்றும் பாராமல், ஒரு நொடியும் தாமதிக்காமல் மின்சாரத்தைத் துண்டித்து நம் அனைவரையும் காத்தவர்" என்று அதில் இருக்கிறது.

மின்னியல் துறையில் அவருக்கு இருக்கும் அனுபவம் பல்பு மாற்றுவதோடு முடிந்துவிடும். அதையும் யாராவது நாற்காலியைப் பிடித்துக்கொண்டால்தான் செய்வார். வாழ்நாள் முழுவதும் அவர் செய்த வேலை நகராட்சி நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தது. ஓய்வு பெற்று வந்த பிறகும் கழுத்தில் குளத்தங்கரை விசில் தொங்கியது. அதனால் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் விசில் டீச்சர். நேரில் டீச்சர், முதுகுக்குப் பின்னால் விசில்.

குளத்தங்கரையில் நிற்பவர்களுக்கு ஒரு விதி உண்டு: தண்ணீருக்கு முதுகைக் காட்டக்கூடாது. அது அவர் உடம்பிலேயே தங்கிவிட்டது. எந்த அறைக்குள் போனாலும் சுவரோரமாக நின்று, முழு அறையும் தெரிகிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். இன்னொன்றும் சொல்வார். "மூழ்கறவன் கத்த மாட்டான். கத்தறவன் விளையாடறான். சத்தம் நின்னாத்தான் நான் குதிப்பேன்."

கடைசி மாடியில் அவரும் அவருடைய நாத்தனாரும் இருந்தார்கள். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார்; அவர் விட்டுப்போன சொத்து அந்த வீடும் அந்தத் தங்கையும்தான். நாத்தனார் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். ஊரில் பாதிப்பேரின் சண்டையைக் காதில் வாங்கியவர் என்பதால், சண்டையை எப்படி நடத்த வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். நுரையீரல் கெட்டுப்போனதும் படுக்கையறையில் ஆக்சிஜன் இயந்திரம் ஒன்று வந்தது. அது இரவும் பகலும் குமிழி விட்டபடி இருக்கும். அதன் குழாய் சமையலறை வாசல் வரை எட்டும். குழாய் எட்டுகிற தூரம் நாத்தனாரின் ராஜ்ஜியம்.

"அண்ணி, இதுல உப்பு போட்டீங்களா, இல்ல குளத்துத் தண்ணியையே மொண்டு ஊத்திட்டீங்களா?"

"ஊருக்கெல்லாம் காத்து பத்தலன்னா உன் வாய்ல இருந்து பிடிச்சுக்கலாம்."

"பிடிச்சுக்கங்க. அதுக்கும் பில்லு போடுவேன்."

இப்படியே இருவரும் சௌக்கியமாக இருந்தார்கள். குறை ஒன்றே ஒன்று, லிஃப்ட். கட்டடத்தோடு பிறந்த லிஃப்ட் அது. கட்டடத்துக்கு முன்பே செத்துவிடும் என்று பேச்சு. அது படுத்துக்கொண்ட மாதங்களில் நாத்தனார் ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை. படி இறங்கினால் ஒரு தளம் தாண்டுவதற்குள் உதடு நீலம் பாரித்துவிடும். ஒருமுறை நடுவழியிலேயே உட்கார்ந்துவிட்டு, "போதும் அண்ணி, நான் இங்கேயே குடியிருக்கேன், லெட்டர் வந்தா படில போடச் சொல்லுங்க" என்றார். டீச்சர் சிரிக்கவில்லை. லிஃப்ட் ஓட வேண்டும் என்பதைத் தவிர அன்றிலிருந்து அவருக்கு வேறு வேண்டுதல் இல்லை.

மொட்டை மாடியில் சோலார் தகடுகள் வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. நடுப்பகலில் எல்லோரும் வேலைக்குப் போன பிறகு, காலி வீடுகளுக்கு மேலே அவை மும்முரமாக மின்சாரம் செய்தன. மிஞ்சியதை மின்வாரியம் முதலில் ஏனோதானோவென்று வாங்கியது. பிறகு, போதும், எங்களிடமே மிச்சம் இருக்கிறது என்று சொல்லிவிட்டது. சங்கத்துக்கு இது பெரிய மனக்கஷ்டம். மின்வெட்டு வந்த காலத்தில் அந்தக் கட்டடத்துக்காரர்கள் பொறுமையின் சிகரமாக இருந்தவர்கள். இல்லாமையைத் தாங்கிக்கொள்வார்கள், மிச்சம் வீணாகப் போவதை அவர்களால் தாங்க முடியாது.

அப்போதுதான் சங்கத் தலைவரின் மருமகன் வழி சொன்னார். தலைவர் காப்பீட்டு நிறுவனத்தில் விபத்துக் கோரிக்கைகளைப் பரிசீலித்து ஓய்வு பெற்றவர். மருமகன் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவர். மாமனார் வீட்டிலேயே குடியிருந்தாலும் மரியாதை குறையாதவர். கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம் நடந்தது. மிச்ச மின்சாரத்தில் கிரிப்டோ மைனிங் செய்யலாம் என்றார் மருமகன்.

"மைனிங்னா சுரங்கம்தானே தம்பி? எங்க தோண்டப் போறீங்க?" என்றார் டீச்சருக்கு எதிர்வீட்டுக்காரர். அச்சகத்தில் பிழை திருத்துபவர். சந்தேகப்படுவதற்காகவே சம்பளம் வாங்குகிறவர்.

"தோண்டறதில்ல சார். மெஷின் கணக்கு போடும். கரெக்டா போட்டா காசு வரும்."

"யாரோட கணக்கு?"

"யாரோடதும் இல்ல."

"அப்ப விடை யாருக்கு வேணும்?"

"யாருக்கும் வேணாம் சார். போட்டதுக்குத்தான் காசு."

"நானும் அதே வேலைதான் தம்பி பாக்கறேன். எனக்கு ஏன் வர மாட்டேங்குது?"

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு மருமகன், வருகிற காசில் முதல் வேலையாக லிஃப்டைச் சரிசெய்துவிடலாம் என்றார். சிரிப்பு அடங்குவதற்குள் டீச்சர் கை தூக்கிவிட்டார். அந்தக் கட்டடத்தில் சுரங்கத்துக்கு விழுந்த முதல் ஓட்டு அவருடையது. மாடிச் சாவி எப்போதும் அவரிடம்தான் இருக்கும் என்பதாலும், மாடிப்படி ஏற வேறு யாரும் தயாராக இல்லை என்பதாலும், எரிசக்தி ஒருங்கிணைப்பாளர் பதவியும் அங்கேயே அவர் தலையில் விழுந்தது.

இயந்திரங்களை வைக்க இடம் வேண்டும். மாடியில் கூரையுள்ள அறை இரண்டே. ஒன்று லிஃப்ட் மோட்டார் இருக்கிற கூண்டு. மற்றொன்று துணி உலர்த்தும் அறை. சிமென்ட் ஜன்னல் துளைகளும் குறுக்கே கட்டிய கயிறுகளுமாக, சரியாக டீச்சர் வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் மேலே இருந்தது. இயந்திரங்கள் அங்கே போயின. "அப்ப துணிய எங்க போடறது?" என்று வீட்டுக்கு வீடு கேள்வி கிளம்பியதும் சமரசம் ஏற்பட்டது: கீழே இயந்திரம், மேலே கயிறு. இரண்டு தரப்புக்கும் நஷ்டம் இல்லாத ஏற்பாடு என்று தலைவர் சொன்னார். அவர் வேலையில் இருந்த காலத்தில் இப்படிப்பட்ட ஏற்பாடுகளுக்குத்தான் அபராதப் பிரீமியம் போட்டிருப்பார்.

இயந்திரங்கள் சின்னப் பெட்டிகள்; ஆனால் ஒவ்வொன்றின் முன்னும் பின்னும் இருந்த விசிறிகள் போட்ட கூச்சலுக்குப் பெட்டி போதாது. பிழை திருத்துபவரால் தூங்க முடியவில்லை. புகார் கொடுத்தார். ஜன்னல் துளைகளைப் பழைய ஸ்பாஞ்சு மெத்தைகளால் அடைத்தார்கள். கூச்சல் உள்ளேயே தங்கியது. சூடும் தங்கியது.

மின் இணைப்பு கொடுக்க வந்த எலக்ட்ரீஷியன் கம்பி மிச்சம் பிடிப்பதில் கெட்டிக்காரர். கீழேயிருந்து தனியாகக் கம்பி இழுக்காமல், மோட்டார் கூண்டுக்கு வரும் இணைப்பிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிட்டார். கூண்டுக்கும் உலர்த்தும் அறைக்கும் நடுச் சுவரில் ஒரே கைப்பிடி. அதை இறக்கினால் இயந்திரங்கள் நிற்கும், கூடவே லிஃப்டும் நிற்கும். சுத்தம் செய்வதற்காக டீச்சர் முதல்முறை அதை இறக்கியபோது, தலைவர் இரண்டு தளங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டார். வெளியே வந்ததும் அவர் போட்ட உத்தரவு சுருக்கமானது.

"டீச்சர், இனிமே அந்தக் கைப்பிடியத் தொடாதீங்க. ஓடறப்பவே தூசி தட்டுங்க."

மழைக்காலம் வந்தபோதுதான் கட்டடம் தன் அதிர்ஷ்டத்தைக் கண்டுகொண்டது. வெளியே ஊரே ஈரமாக நாறிக்கொண்டிருந்தது. உலர்த்தும் அறையில் போட்ட போர்வை ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் மொறமொறவென்று காய்ந்தது. செய்தி பரவியதும் வாளிகள் மேலே ஏறின. கயிற்றில் இடத்துக்கு அடிதடி. டீச்சர் குளத்தில் நீச்சல் தடம் பிரிப்பது போலக் கயிறுகளைப் பிரித்தார். முறை முடிந்தால் விசில். "அடுத்த ஆள் வாங்க, பிழியாத துணி கொண்டு வந்தா திருப்பி அனுப்பிடுவேன்." எரிசக்தியை அவர் ஒருங்கிணைத்தது இவ்வளவுதான்.

இதில் ஒரு சின்ன முரண் இருந்தது; யாருக்கும் அது உறுத்தவில்லை. வெயில் அடிக்கும் நாளில் மிச்ச மின்சாரம் உண்டு, ஆனால் துணிக்கு அந்த அறை தேவையில்லை. மழை நாளில் அறை தேவை, மிச்ச மின்சாரம் இல்லை. எனவே மிச்சத்தை வீணாக்கக் கூடாது என்று வாங்கிய இயந்திரங்களை, துணி காய வேண்டும் என்பதற்காக விலை கொடுத்து வாங்கிய மின்சாரத்தில் ஓட்டினார்கள். மருமகன் இன்னும் சில பெட்டிகள் வாங்கி அடுக்கினார். லிஃப்டுக்குப் புதிய இரும்புக் கயிறு வந்தது, புதிய கதவு வந்தது.

லிஃப்ட் மெக்கானிக் வேலையை முடித்த அன்று டீச்சரைக் கூண்டுக்குக் கூப்பிட்டுக் காட்டினார். பெரிய சக்கரம், அதில் ஓடும் கயிறு. கயிற்றில் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு பூச்சு. "இந்த மஞ்சள் வந்து சக்கரத்து மேல நின்னா, லிஃப்ட் பெட்டி தரைத்தளத்துல இருக்குன்னு அர்த்தம்மா." டீச்சருக்கு அது பிடித்திருந்தது. பிறகு நாத்தனார் கீழே போகும் நாட்களில் துணி மடிக்கிற சாக்கில் மேலே போய், வலைக்கதவு வழியாக மஞ்சள் வரும்வரை பார்த்துக்கொண்டு நிற்பார்.

நாத்தனாருக்கு வாழ்வு வந்துவிட்டது. சின்ன சிலிண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வேனில் ஆஸ்பத்திரிக்குப் போய் மூச்சுப் பயிற்சி செய்துவிட்டு வந்தார். வேலை இல்லாத நாளிலும் கீழே இறங்கி, கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களைக் குறை சொன்னார். முகத்துக்குப் பவுடர் போட ஆரம்பித்தார்.

டீச்சர் அந்த நாட்களில் விசிறிகளின் முகப்பிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒன்றை உரித்தெடுக்கத் தொடங்கியிருந்தார். துண்டும் போர்வையும் காயும்போது உதிர்க்கிற நூல் பஞ்சு அது. விசிறி அதை இழுத்து, அடுக்கி, கம்பளி மாதிரி நெய்து வைத்திருக்கும். காலையில் உரித்தால் மாலையில் மறுபடி இருக்கும். ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போய் மருமகனிடம் காட்டினார்.

"தம்பி, இது என்னன்னு பாருங்க."

"பஞ்சு, ஆன்ட்டி."

"மெஷின் மூக்குல இருந்து எடுத்தேன். வெளிய இருக்கறது எனக்குக் கை எட்டுது. உள்ள போனதுக்கு என்ன பண்றது?"

"டெய்லி எடுங்க ஆன்ட்டி, ஃபேனுக்கு நல்லது."

"கயித்தையே அவுத்துடலாமே?"

"அது மாமா டிபார்ட்மென்ட். நான் மெஷின் மட்டும்தான்."

மாமா பஞ்சை விரலால் தேய்த்துப் பார்த்தார். "மழை முடியட்டும் டீச்சர். இப்ப கயித்த அவுத்தா என்னைத் தொங்க விட்டுடுவாங்க. எத்தனை தீ விபத்து பாத்திருப்பேன் நான், பஞ்சுல ஆரம்பிச்சதுன்னு ஒண்ணு கூட எழுதினதில்ல."

"என்னன்னு சார் எழுதுவீங்க?"

"பெரும்பாலும், காரணம் தெரியவில்லைன்னு."

டீச்சர் மேற்கொண்டு வாதாடவில்லை. வாதாடி ஜெயித்துக் கயிறு போனால், துணி இல்லாத மழைநாளில் இயந்திரம் நிற்கும்; இயந்திரம் நின்றால் லிஃப்டுக்கு அடுத்த பழுதின்போது காசு இருக்காது. பஞ்சைப் பையில் போட்டுக்கொண்டு மேலே போனார், லிஃப்டில்.

படுக்கையறைக் கூரை இதமாகச் சூடாகியிருந்தது. மழைக்குளிரில் முதலில் அது சுகமாக இருந்தது. கூரையில் பல்லிகள் வந்து கூடின. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் ஒரு பல்லி கூட இல்லை.

"அண்ணி, தலைக்கு மேல யாரோ படுத்திருக்காங்க."

"யாரு?"

"தெரியல. மூச்சு விடறாங்க. என்னை விட நல்லா விடறாங்க."

"தூங்கு. நாளைக்கு வேன் வரும்."

மறுநாள் வேன் வந்தது. டிரைவர் மேலே வந்து சிலிண்டரைத் தூக்கிக்கொண்டார். "இந்தக் குழாயப் பிடிச்சு இழுத்துடாதீங்க தம்பி, உங்களுக்குச் சவாரி மிச்சமாயிடும்" என்றபடி நாத்தனார் லிஃப்டில் ஏறினார். கதவு மூடியது. பிழை திருத்துபவர் காலையில் போட்டுவிட்டுப் போன துணிகளின் முறை முடிந்திருந்தது. அவர் அச்சகத்தில் இருந்தார். அவற்றை எடுத்து மடிக்க டீச்சர் படியேறினார்.

மாடிக் கதவைத் திறந்ததும் அவர் அசையாமல் நின்றார். கூச்சல் குறைந்திருந்தது. எப்போதும் காதை அடைக்கிற இரைச்சலில் ஒரு பகுதி, யாரோ எழுந்து போன மாதிரி, இல்லை. உலர்த்தும் அறைக் கதவைத் தள்ளினார். மூலையில் ஒரு பெட்டியின் விசிறி நின்றிருந்தது. அதன் முகப்பில் இருந்த பஞ்சில் ஒரு சிவப்புக் கோடு, எறும்பு வரிசை போல, அவசரம் இல்லாமல் மேலே ஏறிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே பிழை திருத்துபவரின் துண்டு. சுற்றிலும் மெத்தை.

அறை வாசலில் தண்ணீர்த் தொட்டி நிரம்பி இருந்தது; பக்கத்தில் துணி கொண்டு வருகிற வாளிகள் வரிசையாக இருந்தன. வாழ்நாளெல்லாம் தண்ணீரோடு இருந்த மனுஷி. ஆனால் மின்சாரம் ஓடுகிற பெட்டிகள் மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது என்கிற அளவுக்கு அவருக்கும் மின்னியல் தெரியும். முதலில் கைப்பிடியை இறக்க வேண்டும், பிறகு வாளி. நடுச் சுவருக்கு வந்து கைப்பிடியைப் பிடித்தார். வலது பக்கம் அறை. இடது பக்கம் வலைக்கதவு. அதற்குப் பின்னால் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். உலர்த்தும் அறை எரிந்தது. மெத்தைகள் உருகிக் கறுப்பாக ஒழுகின. சோலார் தகடுகளில் பாதி வெடித்தது. டீச்சர் கைகள் கொப்பளிக்க வாளி வாளியாக ஊற்றினார். விசில் சத்தம் கேட்டு ஆட்கள் ஓடி வந்து சேர்ந்துகொண்டார்கள். தீயணைப்பு வண்டியும் வந்தது. யாருக்கும் உயிருக்கு ஆபத்தில்லை. பிழை திருத்துபவர் வீட்டுக் கூரை மட்டும் பிளந்து உள்ளே விழுந்தது. அவர் சேர்த்து வைத்திருந்த புத்தகங்களும் கட்டிலும் அம்மாவின் படமும் போயின. இன்னும் சற்று முன்னால் மின்சாரம் நின்று, தண்ணீர் விழுந்திருந்தால் தீ மூலையைத் தாண்டியிருக்காது என்று தீயணைப்புக்காரர் ஒருவர் சொன்னாராம். அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. அறிக்கையில் காரணம் தெரியவில்லை என்று இருந்தது.

பிழை திருத்துபவர் ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டுப் போட்ட டீச்சர் கைகளைப் பார்த்துக் கண் கலங்கினார். "நீங்க மட்டும் உடனே நிறுத்தலன்னா, டீச்சர், முழுக் கட்டடமும் போயிருக்கும்." டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. அதை எல்லோரும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். தகட்டு வாசகத்தைத் தலைவர் பிழை திருத்துபவரிடமே கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னார். அவர் ஓர் ஒற்றெழுத்தைச் சேர்த்துக் கொடுத்தார். வேறு பிழை எதுவும் அவர் கண்ணில் படவில்லை.

தகடு பதித்த அன்று கீழே நாற்காலி போட்டுக் கூட்டம் நடந்தது. தலைவர் பேசினார். எதைக் கேட்டாலும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியாத நாத்தனார், அன்று சிலிண்டரை அணைத்துக்கொண்டு வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து பெரிய இயந்திரத்தின் குழாயை மாட்டிக்கொண்ட பிறகுதான் பேசினார்.

"அண்ணி."

"ம்."

"நான் வெளிய வந்து, வேன் படில கால் வெச்சப்பத்தான் லிஃப்ட் லைட் போச்சு."

டீச்சர் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தார். கை இன்னும் சரியாக மடங்கவில்லை.

"நடுவுல ஒரு அம்மா ஏறினாங்க. அவங்க பை கதவுல மாட்டிக்கிச்சு. அத எடுக்கறதுக்கே..."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"சக்கரம் நின்னுது. மஞ்சள் வரல. மறுபடி சுத்திச்சு."

இயந்திரம் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், எதிர்வீட்டில், கொத்தனார்கள் எதையோ உடைத்துக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்து, நிதானமாக மென்றார்.

"உப்பு சரியா இருக்கு அண்ணி" என்றார்.

அவர் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை.

புதிய இயந்திரங்களுக்குச் சொல்லியாகிவிட்டது. இந்த முறை கீழ்த்தளத்தில், கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால், ஜன்னலே இல்லாத சரக்கு அறையில் வைக்கிறார்கள். ஜன்னல் இல்லாததால் அடைக்க வேண்டிய செலவு மிச்சம். மழைக்காலத்தை நினைத்து அங்கே இப்போதே சிலர் ஆணி அடித்துக் கயிறு கட்டிவிட்டார்கள். ஒருங்கிணைப்பாளராக டீச்சரே தொடர வேண்டும் என்று தீர்மானம்; சாவி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர் அதை வாங்கிக்கொண்டார். லிஃப்ட் ஓடுகிறது.

தீ விபத்தன்று அவர் செய்தது இது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தீக்கு முதுகைக் காட்டி நின்று, சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சக்கரம் ஒருமுறை நின்றபோது, மஞ்சள் பூச்சு வரவில்லை என்பதால், கைப்பிடியை இறக்கவில்லை. மறுபடி அது சுற்றி, மஞ்சள் வந்து நின்ற பிறகும், கதவு திறந்து ஓர் ஆள் வெளியே வர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றார். பிறகு இறக்கினார்.